ஓடாத பந்தயத்துக்குப் பொன்னாடை

ராயபுரம் தெருக்களில் சக்கர ஷூ மாட்டிக்கொண்டு பழகிய ஸ்கேட்டிங்தான் என்னைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கான உலகக் குளிர்கால விளையாட்டுப் போட்டி வரை கொண்டுபோனது. ஐஸ் ஸ்கேட்டிங்கில் வேகப் பந்தயம் என்னுடையது. வடக்கே ஒரு மலையூரில் நடந்த இந்திய அணித் தேர்வில் நான்தான் முதலில் வந்தேன்.

போட்டி ஐரோப்பாவில். பந்தயத்தன்று காலை நான் ஷூவை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது அணி மேனேஜர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தேர்வில் எனக்குப் பின்னால் வந்த பெண் அவருடைய மகள்.

"ஒரு இடம்தாம்மா இருக்கு. இந்தத் தடவை அவ ஓடட்டும். உனக்கு வயசு இருக்கு."

"சார், தேர்வுல நான்தானே..."

"அவ பேர் கொடுத்தாச்சு. நீ ஐஸ்ல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்க. ஊர்ல காட்டலாம்."

அந்தப் பெண் முதல் வளைவிலேயே விழுந்தாள். எழுந்து கடைசியாக வந்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளும் அழுதுகொண்டேதான் வெளியே போனாள்.

ஊர் திரும்பினால் தெருமுனையில் என் படம் போட்ட பேனர், மேடை, டிரம் செட். ஏரியாவின் கட்சிப் பிரமுகர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"நம்ம பொண்ணு ஐஸ் மேலயே ஓடி ஜெயிச்சிகினு வந்துகீது!"

மைக்கை வாங்கினேன். "நான் ஜெயிக்கல. என்ன ஓடவே வுடல."

பலத்த கைதட்டல். "பாத்தியா, இன்னா அடக்கம்!" என்று பிரமுகர் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். டிரம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு நேராக அங்கே வந்திருந்த அம்மா மட்டும் கைதட்டவில்லை. கூட்டத்தை விலக்கி மேடையேறி, என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"யாரு உன்ன ஓட வுடாதது?"

சொன்னேன்.

"அந்தாளு பொண்ணு உன்னவிட நல்லா ஓடுமா?"

"இல்லம்மா."

"அப்ப நீ ஏன் சும்மா வந்தே? அங்கியே நாலு வார்த்த கேட்டுட்டு வர்றதில்ல?"

"எல்லாரு பாஸ்போர்ட்டும் அவராண்டதாம்மா இருந்துச்சி."

வீடு வரும்வரை அம்மா என் கையை விடவில்லை.

அடுத்த தேர்வுக்கு அழைப்பு வந்தபோதும் மேனேஜர் அவரேதான். நான் போகவில்லை. அம்மாவும் போகச் சொல்லவில்லை.