மூணாவது கியர் தெரு

2004-ம் வருஷம், ஆடிச் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்த நேரம். கம்பத்தின் மேற்கு ஓரத்தில், கம்பம்மெட்டு மலைக்கு ஏறுகிற ரோட்டின் மேலேயே எங்கள் வீடு. நான் அப்போது உத்தமபாளையத்தில் பி.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் கேட்டதை அன்றைக்கே யாரிடமாவது ஒப்பித்துவிடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எங்கள் தெருவுக்கு விடிகாலையில் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் வரும். ஒன்று குழாய்த் தண்ணீர். அது ஒருநாள் விட்டு ஒருநாள்தான். இன்னொன்று ஏலக்காய்த் தோட்ட ஜீப்புகள். அவை தினமும் வரும். ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று சுற்றுப்பட்டு ஊர்களில் கூலிக்குப் போகும் பெண்களை அள்ளிப்போட்டுக்கொண்டு, கேரளாவில் இருக்கும் தோட்டங்களுக்கு எங்கள் தெரு வழியாகத்தான் மலையேறும்.

அந்த ஜீப்புகளுக்கு எங்கள் தெருவில்தான் பந்தயம். ஏனென்றால் மலையில் கொண்டை ஊசி வளைவுகள், முந்த முடியாது. அடிவாரத்தை முதலில் தொட்டவர்தான் மேலே போய்ச் சேரும்வரை முதல். முந்துவதற்குக் கடைசி இடம் எங்கள் வீட்டு வாசல். முந்தினால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். எங்கள் தெரு வழியாகப் போகும் ஜீப்புகள் பெரும்பாலும் ஒரே தோட்டத்துக்குத்தான் போகும். முதலில் வந்த ஆட்களுக்குக் கங்காணி பக்கத்துச் சரிவைப் பிரித்துக் கொடுத்துவிடுவார். பிந்தி வந்தவர்களுக்குத் தூரத்துச் சரிவு. சாரல் காலத்தில் அங்கே அட்டை காலில் ஏறி இடுப்புவரை வந்துவிடும். அதனால் ஜீப்புக்குள் இருக்கும் பெண்களே டிரைவரைத் தோளில் தட்டி, "முந்துய்யா, முந்துய்யா" என்று கத்திக்கொண்டு போவார்கள்.

குழாய் ரோட்டுக்கு அந்தப் பக்கம். பாதி வீடுகள் இந்தப் பக்கம். இடுப்பில் குடத்தோடு அம்மாக்கள் குறுக்கே போவார்கள், ஜீப்புகள் பிரேக் அடித்துச் சறுக்கும், உடனே மறுபடி ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்துக் கரும்புகையைக் கக்கிவிட்டுப் பறக்கும். பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு மாசி பிறப்பதற்குள் அடுப்படிச் சுவர் மாதிரி ஆகிவிடும். எங்கள் நெஞ்சுக்குள்ளும் அப்படித்தான் இருந்திருக்கும், அதை யார் பார்த்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஜீப்புகளில் ஒன்று என் அண்ணன் ஓட்டுவது. அதுவும் அவன்தான் எல்லாரையும் முந்துகிறவன்.

அன்றைக்கு அம்மா குடத்தோடு திரும்பிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்றேன். இரண்டு ஜீப்புகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு வந்தன. உள்பக்கம் வந்த ஜீப்பின் படி, அம்மா இடுப்பில் இருந்த குடத்தைத் தட்டியது. பிளாஸ்டிக் குடம் பட்டென்று வெடித்துத் தண்ணீர் சிதற, அம்மா நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றும் இல்லை. ஒரு சாண் தள்ளியிருந்தால் குடத்துக்குப் பதில் அவள்.

ஜீப் நிற்கவில்லை. அதன் பின்பக்கத்தைப் பார்த்த நான் வாயில் இருந்த பற்பசையை விழுங்கிவிட்டேன். அண்ணனுடையது.

பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் பார்த்துவிட்டுக் கத்தியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தினமும் கத்துகிறவர்கள்தானே. முந்தச் சொல்கிறார்கள் என்று நினைத்து அவன் இன்னும் மிதித்திருக்கிறான். அடிவாரத்தில்தான் விஷயம் தெரிந்ததாம்.

சாயங்காலம் புதுச் சிவப்புக் குடம் ஒன்றோடு தலையைக் குனிந்துகொண்டு வந்தான். அம்மா குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கி வைத்தாள். அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஏலே, பெத்த ஆத்தான்னு தெரிஞ்சிருந்தா மெதுவாப் போயிருப்ப. மத்தவுக ஆத்தான்னா?"

அவன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனான். ராத்திரி என்னிடம் மட்டும் புலம்பினான். தான் மட்டும் மெதுவாகப் போனால் தன் ஜீப்பு ஆட்கள் மறுநாளே பச்சை ஜீப்பில் ஏறிவிடுவார்கள் என்றான். பச்சை ஜீப் எங்கள் ஊர் ராவுத்தர் ஒருவருடையது. அண்ணனுக்கு அவர்தான் நேர்ப் போட்டி. அண்ணன் சொன்னது பொய்யும் இல்லை. மறுநாள் காலையில் அவன் மறுபடி பறந்தான். அடுத்த தண்ணீர் நாளில் அம்மா வாசற்படியில் நின்று, எல்லா ஜீப்பும் போகிறவரை காத்திருந்தாள். அவள் குழாய்க்குப் போனபோது தண்ணீர் நின்றுவிட்டது. வெறுங்குடத்தோடு அவள் திரும்பி வந்ததைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் அண்ணனிடம் இயற்பியலைக் காட்டினேன். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்க நாலு மடங்கு தூரம் வேண்டும் என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டு விளக்கினேன். "ஓம் பொஸ்தகத்துல ரோடு காஞ்சு கெடக்கும் புள்ள. இங்கன நசநசன்னு கெடக்கு, எட்டு மடங்கு ஆகும்" என்றான். எனக்கு மேலேயே தெரிந்து வைத்திருக்கிறான், ஆனாலும் மிதிக்கிறான்.

அடுத்து ஒரு தகரத்தில் 'வேகம் 30' என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதி விளக்குக் கம்பத்தில் கட்டினேன். நகரத்துக்குள் இதுதான் சரியான வேகம் என்று எனக்குள் ஒரே பெருமை. சாயங்காலம் பச்சை ஜீப் ராவுத்தர் வண்டியை நிறுத்தி, என்னைக் கூப்பிட்டு, தன் ஜீப்புக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னார். ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

"நான் வண்டி வாங்குன அன்னிக்கே இது மௌத்தாப் போச்சு தங்கச்சி. முப்பதுன்னு நான் யார்ட்ட கேக்க?"

மற்ற ஜீப்புகளையும் பார்த்தேன். ஒன்றில்கூட முள் உயிரோடு இல்லை. ஒன்றில் அந்த இடத்தில் முருகன் படம் ஒட்டியிருந்தது. தெருவே சிரித்தது. நானும்தான். ஆனால் தகரத்தைக் கழற்றி, எழுத்து தெரியாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

அந்த வாரம் பூராவும் காலையில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு ஜீப்புகளின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று உறைத்தது. யார் எந்த கியரில் வருகிறார் என்று எனக்குத் தெரிகிறதே! மூணாவதில் ஒரு குரல், நாலாவது மாற்றியதும் வேறு குரல். அம்மாவைக் கேட்டேன், அவளுக்கும் தெரிந்தது. அந்தத் தெருவில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்படியானால் முள் எதற்கு? மூணாவது கியரிலேயே மிதிக்காமல் ஒரே சீராக வந்தால் வேகம் தானாகவே அடங்கும், புகையும் குறையும். காவலுக்குப் போலீஸ் வேண்டாம், குழாயடியே போதும்.

ஆனால் முந்துகிற ஆசையை என்ன செய்வது? அதற்கான விடை குழாயடியிலேயே வரிசையாக உட்கார்ந்திருந்தது. எங்கள் குழாயில் குடத்துக்கு முறை உண்டு. இன்றைக்கு முதலில் பிடித்த வீடு அடுத்த தண்ணீருக்குக் கடைசி. அதனால் யாரும் குழாய்க்கு ஓடுவதில்லை, ஓடினாலும் பிரயோஜனம் இல்லை. இதே முறை ஜீப்புக்கும் வந்தால்?

குழாயடியில் சொன்னேன். அம்மாக்கள் முதலில் கேலி பேசினார்கள், அப்புறம் யோசித்தார்கள். அடுத்த தண்ணீர் நாளன்று ஜீப்புகளின் சத்தம் தூரத்தில் கேட்டதும், ஆளுக்கொரு காலிக் குடத்தை எடுத்து ரோட்டின் குறுக்கே ஒரு கரையிலிருந்து மறுகரைவரை வைத்துவிட்டார்கள். மஞ்சள், பச்சை, நீலம், நடுவில் எங்கள் புதுச் சிவப்புக் குடம்.

ஜீப்புகள் வரிசையாக நின்றன. முதலில் வந்தது அண்ணன். அவன் பின்னால் ராவுத்தர் இறங்கி வந்து, காலிக் குடங்களைப் பார்த்துவிட்டு, பாவமாக விசாரித்தார்.

"என்னாத்தா, தண்ணி வரலையா? ஆபீசருக்குச் சொல்லியாச்சா?"

"தண்ணி வருது. நீங்க வர்றதுதான் இங்கன பிரச்சன" என்றாள் அம்மா.

ஜீப்புக்குள் இருந்த பெண்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் முன்னால் போனேன். மூணாவது கியர், சுற்று முறை, இரண்டையும் மூச்சு விடாமல் கொட்டினேன். இன்று முதலில் போகிற ஜீப் நாளை கடைசி, ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் முன்னால், எங்கள் தெருவுக்குள் நாலாவது கியர் கிடையாது, முந்துவதும் கிடையாது. ஒரு டிரைவர், பொட்டச்சிகள் பேச்சைக் கேட்டு வண்டி ஓட்ட முடியுமா என்று முனகினார். அவர் ஜீப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் பொட்டச்சிகள். அவர்கள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் அடங்கிவிட்டார்.

என்ஜின்கள் உறுமிக்கொண்டிருந்தன. ஒரு ஆள் மறுத்தாலும் எல்லாம் போச்சு என்று எனக்குத் தெரியும். அண்ணனை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் சிவப்புக் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு ராவுத்தரண்ணே முதல்ல போகட்டும். நான் கடைசில வர்றேன்" என்றான்.

தெருவிலேயே வேகமான ஆள் கடைசியில் வருகிறேன் என்றால் மற்றவர்கள் என்ன சொல்வது? அவன் ஜீப்பிலிருந்து ஒரு அக்கா மட்டும் வாயைத் திறந்தாள். "நாளைக்கு அட்டை எங்களக் கடிக்கும். சரி விடு, மறுநா அவுகளயும் ருசி பாக்கட்டும்."

சிரிப்பு அடங்குவதற்குள் அம்மாக்கள் குடங்களை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் தெருவே வாசலில் நின்றது. முதலில் ராவுத்தரின் பச்சை ஜீப், பின்னாலேயே மற்றவை, கடைசியில் அண்ணன். எல்லாம் மூணாவது கியரில், சாமி ஊர்வலம் மாதிரி. அன்றைக்குத் தண்ணீர் நாள்கூட இல்லை. ஆனாலும் அம்மா சிவப்புக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். ராவுத்தர் நிறுத்தினார். ஒவ்வொரு ஜீப்பாகப் பின்னால் நின்றது. அம்மா பாதி ரோட்டில் நின்று, அவிழாத கொண்டையை அவிழ்த்து முடிந்து, அவசரமே இல்லாமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். "போங்கய்யா இப்ப" என்றாள். தெருவில் எழுந்த சிரிப்பும் கைதட்டலும் மலையடிவாரம்வரை கேட்டிருக்கும். கடைசி ஜீப்பில் இருந்த அண்ணன் ஹாரனை நீளமாக அடித்துக்கொண்டு போனான்.

இடையில் சிலர் நாலாவது கியரை மாற்றிப் பார்க்காமல் இல்லை. சத்தம் மாறியதும் குழாயடியிலிருந்து ஒரு குரல் கிளம்பும், உடனே இறங்கிவிடுவார்கள். அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு எங்கள் தெருவில் ஒரு குடம்கூட உடையவில்லை, யாருக்கும் ஒரு சிராய்ப்பும் இல்லை. டீசலும் முன்னைவிட நின்று வந்தது. பங்க்கில் இருக்கும் பையன், "என்ன பாய், உடம்பு கிடம்பு சரியில்லையா, இந்தப் பக்கமே காணோம்" என்று விசாரித்ததாக ராவுத்தர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அடுத்த பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு பங்குனியிலும் வெள்ளையாகவே இருந்தது. அந்தச் சுவரை நான் தினமும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கல்லூரிக்கு பஸ் ஏறினேன்.

இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் ஏதாவது சரிப்பட்டு வராது என்று எல்லாரும் கைவிரிக்கும்போது, நடுரோட்டில் ஜீப்புகளை நிறுத்திவைத்துவிட்டு நிதானமாகக் கொண்டை முடிந்த என் அம்மாவை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வேன். அப்புறம், இங்கே எல்லாரும் எதற்காக முந்துகிறார்கள் என்று கேட்டபடி என் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன்.