வெண்டால் எண்டு எழுதச் சொல்லு

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது, நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த தொலைக்காட்சியிலிருந்து மரத்தரையில் சப்பாத்து உரசும் ‘கிறீச்’ சத்தம் வந்தது. கத்தியை வைத்துவிட்டு வந்து உங்களுக்குப் பின்னால் நின்றேன். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து. தோற்ற பெடியன் ஒருவன் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு குந்தியிருந்தான்.

“வருசம் முழுக்க வெண்டவங்கள் அப்பா, ஒரு மாட்ச் தோத்ததுக்கு ஏன் இப்பிடி அழுறான்?” என்று ஆரணி, நீ கேட்டாய்.

“சின்னக் கல்லூரி, அதுதான்” என்று சொல்லிவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டேன். அது ஒரு பதிலே இல்லை. மேசையில் உன் பள்ளிக்கூடக் கடதாசி ஒன்றும் கிடந்தது: உங்கள் அணி வருகிற சனிக்கிழமை வென்றால் அடுத்த சுற்றுக்கு வெளியூர் போவதற்குப் பெற்றோரின் சம்மதம். “வெண்டாப் பிறகு பாப்பம்” என்று அதைத் தள்ளி வைத்தாய். இரண்டுக்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

அங்கே கல்லூரிகள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து குளிர்காலம் முழுக்க விளையாடுகின்றன. கடைசியில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் சில நாள் சுற்றுப்போட்டி. அதில் வெல்கிறவர்கள் நாட்டின் பெரிய போட்டிக்கு நேரே போவார்கள். பெரிய கல்லூரி அங்கே தோற்றாலும், ‘நல்ல அணி, வரட்டும்’ என்று தேர்வாளர்கள் கூப்பிடக்கூடும். சின்னக் கூட்டத்துக் கல்லூரியைப் பெரும்பாலும் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். அதற்கு இருப்பது அந்தச் சில நாட்கள் மட்டும்தான். இது எனக்குப் புத்தகம் படித்துத் தெரிந்ததல்ல.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில் நாங்கள் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் இருந்தோம். எனக்குப் பதினாறு வயது. எங்கள் பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணியில் எட்டுப் பேர். விளையாட்டு மண்டபத்தில் ரப்பர் வாசமும் ஈரக் காலுறை வாசமும் எப்போதும் இருக்கும். அந்தக் குளிர்காலம் சுற்றுவட்டாரப் பள்ளிகளோடு பத்து முறை விளையாடி ஒன்பது முறை வென்றோம். என் அப்பா, உங்கள் அப்பப்பா, பள்ளிகளின் வெற்றிப் பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, மேல் மாடியில் இருந்த ரவி அண்ணையைக் கூட்டிவந்து காட்டினார்: “பாத்தீரே, முதலாமிடம்!”

ஆனால் அந்தப் பட்டியல் எங்களை டுசல்டோர்ஃபில் நடக்கும் ஒருநாள் சுற்றுப்போட்டிக்குள் விடும், அவ்வளவுதான் என்று எங்களைப் பழக்கிய கெல்லர் ரீச்சர் சொன்னார். அன்று வெல்கிறவர்கள்தான் கசல் நகரில் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். விளையாட்டுக்கென்றே நடத்தும் பெரிய பள்ளிக்கூடத்துக்குத் தோற்றாலும் அழைப்பு போகும், எங்களுக்குப் போகாது.

கசல் என்றதும் அப்பா அலுமாரியிலிருந்து எங்கள் கடதாசியை எடுத்து மேசையில் வைத்தார். எங்களிடம் இருந்தது ‘டுல்டுங்’, அதாவது உங்களை இப்போதைக்குத் திருப்பி அனுப்பவில்லை என்று மட்டும் சொல்லும் கடதாசி. அதை வைத்துக்கொண்டு மாநில எல்லையைத் தாண்ட ஏலாது. கசல் பக்கத்து மாநிலம். தாண்டுவதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் ‘அந்த்ராக்’, நம் பாசையில் விண்ணப்பம், கொடுத்து இரண்டு கிழமை காத்திருக்க வேண்டும். சுற்றுப்போட்டிக்கும் கசலுக்கும் நடுவிலோ ஐந்தே நாள். வென்ற பிறகு கேட்டால் காலம் போய்விடும். வெல்ல முன்னரே கேட்க வேண்டும்.

உணவகத்தில் கோப்பை கழுவும் வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு அப்பா என்னோடு பள்ளிக்கூடம் வந்தார். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். வெல்லாத போட்டியை வென்றதாகத் தன்னால் கடிதம் எழுத முடியாது என்றார் ரீச்சர்.

“வெண்டதெண்டு ஆர் கேட்டது? வெண்டால் எண்டு எழுதச் சொல்லு” என்றார் அப்பா.

சொன்னேன். ரீச்சர் முகம் தெளிந்து, “ஆ, வென்!” என்றார். ஜெர்மன் மொழியில் ‘வென்’ என்றால் ‘அப்படி நடந்தால்’ என்று அர்த்தம். அப்பா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “ஓம், ஓம், வென்! பாத்தியே, அவவுக்குத் தமிழ் விளங்குது!”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் விளக்கியும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அது வெல்லுவதிலிருந்து வந்த சொல்தான் என்று கடைசிவரை சாதித்தார்.

வெளிநாட்டவர் அலுவலகத்துப் பெண் ரீச்சரின் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். வெல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

“திருப்பிக் கொண்டுவந்து தாறன் எண்டு சொல்லு” என்றார் அப்பா.

சுற்றுப்போட்டிக்கு முதல் நாள் அனுமதி தபாலில் வந்தது. இரண்டு நாளைக்கு, கசலுக்கு மட்டும். இந்த நாட்டுக்கு வந்த பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் அந்த எல்லையைத் தாண்டியதில்லை. அம்மா எனக்குப் புதுப் பனியன் வாங்கி வைத்திருந்தார்.

காலை பத்து மணிக்கு முதல் ஆட்டம். எதிரே போட்டிக்குள் விட்ட பள்ளிகளில் கடைசியாக நின்றது; அவர்களை நாங்கள் இரண்டு தரம் வென்றிருந்தோம். அன்றைக்கு அவர்கள் எறிந்ததெல்லாம் விழுந்தது, எங்களுடையது விழவில்லை. முடிய ஏழு வினாடி இருக்க, ஒரு புள்ளி பின்னால் நின்றோம். எங்கள் அணியின் மெகமெட் எனக்குப் பந்தைத் தந்தான். என்னை மறிக்க ஒருவரும் இல்லை. பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது.

மத்தியானம் அப்பா வேலை முடிந்து இரண்டு சோற்றுப் பார்சலோடு மண்டபத்துக்குள் ஓடிவந்தார்.

“அடுத்தது எத்தினை மணிக்கு?”

“முடிஞ்சுது அப்பா.”

“அப்ப அந்த ஒம்பது?”

“அது இண்டைக்குக் கணக்கில்லை.”

ஒரு பார்சலை என்னிடம் தந்துவிட்டு மற்றதை மெகமெட்டுக்குக் கொடுத்தார். பின்னேரம் படியில் ரவி அண்ணை பிடித்துக்கொண்டார்: “முதலாவதா வருவியள் எண்டு சொன்னனீங்கள். சரிதான், முதலாவதா வீட்டை வந்திட்டியள்!” அப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுதேன், அந்தத் துவாய்க்காரப் பெடியனைப் போலவே.

திங்கட்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போய் அனுமதியைத் திருப்பிக் கொடுத்தார். இதுவரை ஒருவரும் இப்படிக் கொண்டுவந்ததில்லை என்று அந்தப் பெண் சொன்னார். அதனால் எங்களுக்கு ஒரு நன்மையும் வரவில்லை; விசா இன்னும் மூன்று வருடம் கழித்துத்தான் வந்தது. அடுத்த குளிர்காலம் எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டுப் பேர் சேரவில்லை.

அந்த மண்டபத்தை இடித்துக் கார் நிறுத்த விட்டிருக்கிறார்கள். எல்லைச் சட்டத்தையும் பிறகு தளர்த்தினார்கள். கசலை நீங்கள் ரயில் ஜன்னலால் எத்தனையோ தரம் பார்த்திருப்பீர்கள், அது எந்த மாநிலம் என்றுகூட உங்களுக்குத் தெரியாது. தெரியத் தேவையும் இல்லை.

இன்று காலை நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, ஆரணி, மேசையில் கிடந்த உன் கடதாசியை எடுத்துப் படித்தேன். இரண்டாவது வரியில் ‘வென்’ இருந்தது. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. கையெழுத்தை வைத்து, நாலாக மடித்து, கதவடியில் இருந்த உன் விளையாட்டுச் சப்பாத்துக்குள் வைத்தேன்.