முப்பத்து நான்கு வயதில் முதலாம் ஆண்டு

யுத்தம் முடிந்த மறு வருஷம் எனக்கு முப்பத்து நான்கு வயது. சாந்தோமில் எங்கள் வீட்டில் என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அதுவரை அந்தக் கேள்வியே எழுந்ததில்லை. நான் இன்டர்மீடியட் பாஸ் செய்த கையோடு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. "ஒரு வருஷம் வீட்டுல இரு, அப்புறம் மேலே படிக்கலாம்" என்றார் அப்பா. அந்த ஒரு வருஷம் பதினாறு வருஷமாக நீண்டது. நடுவில் அப்பா போனார். தம்பி வளர்ந்து, பள்ளிக்கூட வாத்தியாராகி, கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனும் ஆனான். கடைசியில் அம்மாவும் போய்விட, திடீரென்று எனக்கு வேலை இல்லை.

தம்பி மனைவி நல்லவள். ஆனால் ஓர் அடுப்படியில் இரண்டு பேருக்கு வேலை இல்லை. நான் போட்ட உப்பு தெரியாமல் அவளும் போடுவாள். அவள் போட்ட மிளகாய்த் தூள் தெரியாமல் நானும் போடுவேன். அந்த மாதிரி நாட்களில் குடும்பமே தண்ணீர்ப் பானையைச் சுற்றி நிற்கும்.

நர்ஸாக வேண்டும் என்று என் மனதில் ஓர் ஆசை சில வருஷங்களாகவே குடியிருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பாதிப் பட்டணம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய சமயத்தில், படுக்கையில் இருக்கும் அம்மாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று நாங்கள் அங்கேயே இருந்துவிட்டோம். லஸ் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு முதலுதவி வகுப்பு நடந்தது. போய்ச் சேர்ந்தேன். கட்டுப் போடுவதில் எனக்கு ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. பழகுவதற்கு வீட்டில் அகப்பட்ட உடம்பு தம்பியுடையதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனை நாற்காலியில் உட்கார வைத்து, தாடையையும் தலையையும் சேர்த்துக் கட்டி, கட்டு சரிதானா என்று தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பூசைக்கு அதிகாலையில் எழுந்தவன், அப்படியே தலை சாய்த்துத் தூங்கிப்போனான்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவனுக்குப் பெண் கொடுப்பதாக இருந்த பெரியவர் முன்னறிவிப்பில்லாமல் உள்ளே வந்தார். பிணத்துக்குக் கட்டுவது போல நாடிக்கட்டு கட்டிய மாப்பிள்ளையைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். தழுதழுத்த குரலில் என்னிடம், "எப்பம்மா ஆச்சு?" என்று கேட்டார். தம்பி ஒரு கண்ணைத் திறந்து, "வாங்க" என்று சொல்ல முயன்றான். தாடைக் கட்டு நன்றாக இறுகியிருந்ததால் "ஊங்க" என்றுதான் வந்தது. பெரியவர் வாசலுக்கு ஓடிய ஓட்டத்தைத் தெருவே பார்த்தது. எப்படியோ கல்யாணம் நடந்தது. ஆனால், "எங்கப்பாவ அன்னைக்கே கொல்லப் பாத்தீங்களேக்கா" என்று தம்பி மனைவி இன்றுவரை சொல்லிக்காட்டுவாள்.

அந்த வகுப்பில்தான் மந்தைவெளி மாமி எனக்குச் சிநேகிதமானாள். சின்ன வயதிலேயே கணவனை இழந்து, வக்கீலான அண்ணா வீட்டில் இருந்தவள். என்னைவிட ஆறு வயது பெரியவள். குண்டு பயத்தில் அண்ணா குடும்பத்தோடு கும்பகோணம் போனபோது, வீட்டைப் பார்த்துக்கொள்ள மாமியை மட்டும் விட்டுவிட்டுப் போனார். "குண்டு என் தலையில விழுந்தா பரவாயில்லைன்னு அவாளுக்கு ஒரு தீர்மானம். அதுக்குள்ள நாலு விஷயம் கத்துக்கலாம்னு வந்தேன்" என்றாள் முதல் நாளே. அவளுக்கும் எனக்கும் அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது.

நர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்று நான் முதலில் சொன்னது பங்குச் சாமியாரிடம். சேரப்போகும் இடத்தில் அவர் தரும் நற்சான்று வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். சொல்ல வாயே வரவில்லை. "சாமி, நான் சேரலாம்னு இருக்கேன். வெள்ளை உடுப்பு போட்டு, நோயாளிங்களுக்குச் சேவை செய்யணும்னு ரொம்ப நாளா..." என்று இழுத்தேன்.

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "உங்க அம்மா அடக்கத்தன்னிக்கே எனக்குத் தோணிச்சு மகளே. ஆண்டவர் கூப்பிட்டுட்டார்!" என்று என் தலையில் கை வைத்தார். நான் பேசுவதற்குள், கோயிலில் எடுபிடி வேலை பார்க்கும் கோயில்பிள்ளையைக் கூப்பிட்டு, கன்னியர் மடத்துக்குச் சொல்லி அனுப்பினார். நான் வீடு வந்து சேருவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தம்பி, "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேக்கா" என்று தழுதழுத்தான். "மடத்துக்கு இல்லடா, ஆஸ்பத்திரிக்கு" என்றேன். அழுகை சட்டென்று நின்றது. "ஆஸ்பத்திரிக்கா? அங்க போயி கண்டவங்களுக்கு..." என்று ஆரம்பித்தவன், பெண்டாட்டி இருப்பதால் வாக்கியத்தை முடிக்கவில்லை. மடமென்றால் கண்ணீர், ஆஸ்பத்திரி என்றால் கோபம். இரண்டிலும் நான் வீட்டை விட்டுப் போவது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரனைப் பார்க்க மாமி துணைக்கு வந்தாள். மயிலாப்பூரில் ஒரு ரிக்‌ஷா பிடித்தோம். எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னதும் ரிக்‌ஷாக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒடம்பு யாருக்கும்மா? பாத்தா ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் கீறீங்க."

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லப்பா. நான் படிக்கப் போறேன்" என்றேன்.

அவர் ரிக்‌ஷாவை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி நின்றார். "படிக்கவா? இன்னாம்மா சொல்றே? எம் பொண்ணு உன்னவிட சின்னவ, அதுக்கே ரெண்டு புள்ள கீது!" என்று சிரித்தார். வழி முழுவதும் எதிரே வந்த ரிக்‌ஷாக்காரர்களிடம் எல்லாம் எங்களைக் காட்டிக்கொண்டே போனார்.

மேட்ரன் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும், விறைப்பான தொப்பி. அவர் பேசியது இங்கிலீஷ். மாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஒரு வார்த்தையும் விட்டுப்போகக் கூடாது.

மேட்ரன் என் வயதைக் கேட்டார். சொன்னேன். புருவத்தைத் தூக்கி நீளமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றா?" என்று மாமி என் விலாவில் இடித்தாள்.

"வயசாயிடுச்சாம்."

"யாருக்கு?"

"எனக்கு."

"அவாளுக்கு மட்டும் என்னவாம்?" என்றாள் மாமி. இதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் மேட்ரனின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. அவருக்குத் தமிழ் நன்றாகப் புரியும் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எனக்கு மூன்று வழி இருப்பதாக மேட்ரன் விளக்கினார். பிரசவம் பார்க்கும் பயிற்சி சீக்கிரம் முடிந்துவிடும், வயதை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. மூன்று வருஷ நர்ஸ் பயிற்சிக்கு நான் வயது கடந்தவள். அவர் சிபாரிசு செய்தால் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாவது, வெளியூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அப்போதுதான் புதிதாகத் தொடங்கிய நான்கு வருஷப் பட்டப்படிப்பு. அதற்கு இன்டர்மீடியட் வேண்டும். இன்டர்மீடியட் முடித்த பெண்கள் நர்ஸ் வேலைக்கு வருவது அபூர்வம் என்பதால் என் வயதை மன்னிப்பார்கள். "ஆனால் நான்கு வருஷம்! முடிக்கும்போது உனக்கு என்ன வயது ஆகும்?" என்றார்.

"படிக்காட்டாலும் அதே வயசுதானே ஆகும்?" என்றாள் மாமி. எதை மொழிபெயர்த்தேன், எதை விட்டேன் என்றே எனக்கு ஞாபகமில்லை.

உடனே முடிவு சொல்ல வேண்டாம், ஒரு நாள் வார்டில் வந்து இருந்து பார் என்று மேட்ரன் அனுப்பினார்.

அதன்படி ஒரு நாள் போனேன். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போனது தப்பாகப் போயிற்று. வெள்ளைப் புடவை, காதோரம் நாலு நரை, பதினாறு வருஷம் அம்மாவை மிரட்டிச் சாப்பிட வைத்த முகம். இவற்றைப் பார்த்தவர்கள் எல்லாரும் நான்தான் அங்கே பெரியவள் என்று நினைத்துவிட்டார்கள். கட்டிலைச் சுற்றி நின்ற உறவுக் கூட்டம் என்னைப் பார்த்ததும் தானாகக் கலைந்தது. புதிதாக வந்த இளம் டாக்டர் ஒருவர் எனக்கு வணக்கம் சொல்லி, தாமதமாக வந்ததற்கு மன்னிப்பும் கேட்டார். நான் மன்னித்தேன். வேறென்ன செய்வது?

கடைசிக் கட்டிலில் அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து வந்த ஒரு பெண் படுத்திருந்தாள். இரண்டு காலும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தன. என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"பெரியம்மா, நீதான பெரிய நர்ஸு? எங்காலு இன்னாத்துக்கு இப்டி வீங்கிக்கினே போவுது?"

"டாக்டர் சொல்லலியா?"

"டாக்டரு வராரு, அமுக்கிப் பாக்கறாரு, இங்கிலீசுல பேசிக்கினே பூடறாரு. சின்ன நர்ஸு உப்பு துன்னாதேன்றா. ஏன்னு கேட்டா சிரிக்கிறா. எங்காலு, எங்கிட்ட சொன்னா இன்னா?"

பக்கத்தில் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்த பயிற்சி நர்ஸிடம் கேட்டேன். இருபது வயதுப் பெண், சுறுசுறுப்பாக வேலை செய்பவள். "காலைத் தூக்கி வைக்கணும், உப்பில்லாம குடுக்கணும்னு சொல்லிக்குடுத்தாங்க. ஏன்னு யாரும் சொல்லலீங்க" என்றாள். படுத்திருந்தவள், "நீயாச்சும் சொல்லேன் பெரியம்மா" என்று என் முகத்தையே பார்த்தாள்.

 காலையிலிருந்து பெரிய நர்ஸாக வலம் வந்த பெருமையெல்லாம் அந்தக் கட்டிலண்டை இறங்கிப்போயிற்று. அம்மாவின் வலது பக்கம் விழுந்தபோது பேச்சும் ஏன் சேர்ந்து விழுந்தது என்று நானும் இப்படித்தான் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். யாரும் சொல்லவில்லை. எனக்குக் கட்டுப் போட மட்டும் தெரிந்தால் போதாது, ஏன் என்று தெரிய வேண்டும் என்பது அங்கேதான் புரிந்தது. "எனக்குத் தெரியலம்மா. கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன். மேட்ரனிடம் போய்க் கேட்டேன். அவர் இருதயம், ரத்தம், நீர் என்று பொறுமையாக விளக்கினார். திரும்பி வந்து எனக்குப் புரிந்த அளவுக்கு அவளிடம் சொன்னேன். "அப்போ கோளாறு நெஞ்சுலயா? காலு சும்மாவா மாட்டிக்கிச்சு?" என்று அவள் வீங்கிய காலைத் தடவிக் கொடுத்தாள்.

மறுநாள் மாமியோடு போய், பட்டப்படிப்புக்கே போகிறேன் என்று மேட்ரனிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிரசவப் பயிற்சிக்கு எனக்காக ஓர் இடம் நிறுத்தி வைத்திருந்ததாகவும், அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். இதை மாமிக்குச் சொன்னேன்.

மாமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு மேட்ரனை நேராகப் பார்த்து, "அந்த எடம் காலியாத்தானே இருக்கு?" என்றாள்.

மேட்ரன் சுத்தமான தமிழில், "காலியாத்தான் இருக்கு. உக்காருங்க" என்றார். எங்கள் இருவருக்கும் முகம் வெளுத்துவிட்டது. அவர் முன்னால் இதுவரை பேசியதையெல்லாம் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம்.

மாமியின் அண்ணா, பெண்கள் முன்னேற்றத்தைப் பற்றிச் சபைகளில் முழங்குகிறவர். தங்கை விஷயத்தைச் சொன்னதும் குரல் அடைத்துப்போயிற்றாம். பிரசவம் பார்க்கப் போவதா, தீட்டு என்ன ஆவது என்று மன்னி குதித்தாள். "தெனம் தீட்டுன்னா தெனம் ஸ்நானம். அது நான் எப்படியும் பண்றதுதானே?" என்றாளாம் மாமி. பிறகு அண்ணாவைப் பார்த்து, "போன வாரம் சபையில நீ பேசினப்போ முன்வரிசையில உக்காந்து கேட்டேனே, நன்னா இருந்தது. மறுபடியும் சொல்றயா?" என்றிருக்கிறாள். அவர் மறுபடியும் சொல்லவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

என் வீட்டில் தம்பி இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு தியாகராய நகருக்குப் போய் எனக்கு ஒரு டிரங்குப் பெட்டி வாங்கி வந்தான். "பூட்டு நல்ல பூட்டா பாத்து வாங்கினேன்க்கா" என்று மட்டும் சொன்னான்.

வெளியூர் ஆஸ்பத்திரியின் விடுதியில் நான் போய் இறங்கியபோது, வாசலில் நின்ற பெண், "பெற்றோரெல்லாம் அந்த அறையில இருக்கணும். உங்க பொண்ணு எங்க?" என்றாள். நான்தான் அந்தப் பொண்ணு என்று சொன்னேன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். திரும்பித் திரும்பி என்னைப் பார்த்ததில் தூணில் இடித்துக்கொண்டாள். கூட இருந்தவர்கள் எல்லாம் பதினெட்டும் பத்தொன்பதும். முதல் மாதம் நான் நுழைந்தால் எழுந்து நிற்பார்கள். எலும்புகளின் பெயர்கள் அவர்களுக்கு ஒரு முறை படித்தால் பதிந்துவிடும். எனக்கு ஜெபமாலை சொல்வது மாதிரி உருப்போட வேண்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், வேறு பிரிவில் புதிதாய்ச் சேர்ந்த மூன்று பெண்கள் என் அறை வாசலில் வந்து நின்றார்கள். "மேடம், கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வரலாமா?" என்று பணிவாகக் கேட்டார்கள். தோழமையாகத்தான் கேட்கிறார்கள் என்று எண்ணி, "தாராளமாப் போயிட்டு வாங்க. எனக்கும் கொஞ்சம் பட்டாணிக் கடலை வாங்கிட்டு வாங்க" என்றேன். என்னை விடுதி வார்டன் என்று நினைத்துத்தான் அவர்கள் அனுமதி கேட்டார்கள் என்பது, கடைத்தெருவிலிருந்து திரும்பிய அவர்களை உண்மையான வார்டன் வாசலில் பிடித்தபோதுதான் தெரிந்தது.

"யார் உங்களுக்கு உத்தரவு கொடுத்தது?" என்றார் வார்டன். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். மூன்று விரல்களும் என்னைக் காட்டின. அவர்களிடம் வாசலுக்கே வந்து வாங்கிய கடலைப் பொட்டலத்தோடு நான் நின்றேன். எழுந்த சிரிப்பைச் சிரமப்பட்டு அடக்கிக்கொண்டு, வார்டன் தீர்ப்புச் சொன்னார். நால்வரும் அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே போகக் கூடாது, துணி அறையில் போர்வைகளை மடித்து அடுக்க வேண்டும்.

பதினாறு வருஷமாக என்னை யாரும் கண்டித்தது கிடையாது. எல்லாரும் என்னைப் பாவம் என்றோ, பொறுப்பானவள் என்றோதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று துணி அறையில் அந்த மூன்று பெண்களோடு போர்வை மடித்துக்கொண்டு, யார் மூலை சரியாக வந்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அவர்களில் ஒருத்தி என்னை முதல் முறையாக "ஏய், இங்க பாரேன்" என்று கூப்பிட்டாள். சொன்ன மறு நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்னடி?" என்றேன்.