விதைமீன் மடு

வற்றுகிற குளத்துக்கு ஒரு மணம் உண்டு. வெயிலில் வெடித்த சேறும் அழுகிய தாமரைத் தண்டும் மீன் செதிலும் கலந்த அந்த மணம், ஆவணி மாதத்தில், நெடுங்கேணிக்கு அப்பால் காட்டோரமாய் இருந்த எங்கள் ஊரின் உடுப்புகளிலும் சோற்றிலும் கூட ஒட்டியிருக்கும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்குப் பத்து வயது.

அந்த மாதத்தில் ஊர் முழுவதும் வலையோடு குளத்தில் இறங்கி, பிடித்ததைப் பங்கிட்டுக்கொள்ளும். குளத்து நீரைத் திறந்துவிடும் துருசடியில் கழுத்தளவு நீர் நின்ற கிடங்கை மட்டும் எவரும் தொடுவதில்லை. "விதைமீன் மடு" என்று அதற்குப் பெயர். அதில் மிஞ்சும் மீன்கள்தான் மாரியில் பெருகிக் குளத்தை நிறைக்க வேண்டும் என்பதால், வீட்டுக்கு ஒரு கிழமை என்று காவல் முறை வரும். "விதைநெல்லை அவிச்சுத் திண்டவனும் விதைமீனைப் பிடிச்சவனும் ஒண்டு" என்பார் அப்பா.

மடுவுக்கு மேலே, மருத மர வேரடியில் ஒரு சோடி நீர்நாய்கள் இருந்தன. அவற்றைப் பார்ப்பதற்காகவே நான் காவலுக்குப் போவேன். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்த அக்காவும் வருவாள்; போரால் மண்ணெண்ணெய் கிடைக்காத காலம், பகலிலேயே அணைக்கட்டில் நடந்து நடந்து உரத்துப் பாடமாக்குவாள். தூந்திரா, ஊசியிலைக் காடு, சவன்னா, பாலைவனம், மழைக்காடு என்று உலகமே எங்கள் தலைக்கு மேல் போகும்.

"எங்கட காடு எங்கை அக்கா?"

"அது ரெண்டு வரியில கிடக்கு. நீ குளத்தைப் பார், எல்லாம் அதுக்குள்ள இருக்கு."

பாசியைப் பூச்சி தின்ன, பூச்சியைச் சிறுமீன் தின்ன, சிறுமீனை விரால் தின்னும் என்றும், நீர்நாய் பெரும்பாலும் நோய்ப்பட்டு நீந்த ஏலாத மீனைத்தான் முதலில் பிடிக்கும், அதனால் மற்ற மீன்கள் பிழைக்கும் என்றும் அவள் காட்டித் தந்தாள். "ஒரு கண்ணி அறுந்தா முழு வலையும் தொய்யுமடி" என்றாள். நான் நம்பினேன்.

எங்கள் காவல் கிழமையில்தான் அக்காவைப் பெண் பார்க்க வருவதாகத் திடீரென்று சொல்லியனுப்பினார்கள். வீட்டில் கறிக்கு ஒன்றுமில்லை. விடிந்ததும் அப்பா மீனை மயக்கிக் கொல்லும் காரைக்காயை இடித்து மடுவில் கலந்ததை நான் அணைக்கட்டில் நின்று கண்டேன். இரண்டு விரால்களை அவர் எடுத்துக்கொண்டார். மிச்சமெல்லாம், குஞ்சு குருமான் வரை, வயிறு வெளுத்து மிதந்தன. வந்தவர்கள் மீன்குழம்பைப் புகழ்ந்து சாப்பிட்டார்கள்.

பின்னேரம் ஊர் மடுவடியில் கூடியது.

"நீர்நாய்தான் அழிச்சுப்போட்டுது" என்றார் அப்பா.

"நீர்நாய் திண்டா மீன் ஏன் மிதக்குது?" என்று பக்கத்துக் காணிப் பெரியப்பா கேட்டார். பெரியப்பா அக்காவைப் பார்த்தார். "பிள்ளை, நீ படிச்சனீ. சொல்லு பாப்பம்."

அக்கா தாவணி நுனியைச் சுற்றியபடி, பாடம் ஒப்புவிக்கும் அதே தெளிந்த குரலில் சொன்னாள்: "ஓம் பெரியப்பா. அது அடிச்சேத்தைக் கலக்கிவிடும். தண்ணியில காத்துக் குறைஞ்சு மீனெல்லாம் மூச்சுமுட்டிச் செத்துப்போம்."

"பொய்! அப்பாதான்..." என்று நான் கத்தினேன். அம்மா என் தொடையில் கிள்ளினார்.

"அவளுக்கென்ன தெரியும், நாலாம் வகுப்பு" என்று அக்கா சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

இளைஞர்கள் வேரடியை வலையால் மூடி, நாய்களை ஏவினார்கள். தடிகள் ஓங்கியபோது குழந்தை அழுவதைப் போன்ற ஒரு சத்தம் கேட்டது. அக்கா வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

மாரியில் குளம் நிரம்பியது. நீர்க்காகங்கள் வந்து இரண்டு நாள் சுற்றிவிட்டுப் போய்விட்டன. நுளம்பு மட்டும் புகையாய் எழும்பியது. அந்த மாரியில் மலேரியா பிடிக்காத வீடு எங்கள் ஊரில் இருக்கவில்லை.

சென்ற ஆண்டு அங்கே போனேன். அணைக்கட்டுக்குக் கல் பதித்திருக்கிறார்கள். எங்கிருந்தோ கொண்டுவந்து விட்ட திலாப்பியா துள்ளுகிறது. மருத மரம் இல்லை. தூண்டில் போட்டிருந்த இளைஞனிடம் நீர்நாய் உண்டா என்று கேட்டேன். "நாய் எப்பிடி அன்ரி தண்ணிக்குள்ள இருக்கும்?" என்றான்.

அன்றிரவு அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து அதைச் சொன்னேன். மறுமுனையில் அவள் யோசிக்கக்கூட இல்லை.

"எது, அப்ப எங்கட மீனெல்லாத்தையும் அழிச்சுதே, அதோ?"