சட்டை போட்டால் தலைவர்

சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டினாரென்றால் அங்கமுத்து மரம் வெட்டுகிறவர். எடுத்துப் போட்டுக்கொண்டாரோ, கிராம வனக்குழுத் தலைவர். மீன்சுருட்டிப் பக்கத்துத் தைலமரக் காட்டில் அவரைத் தேடிப் போகிறவர்கள், சட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஊருக்கும் அரசுக்கும் ஒப்பந்தமே அப்படி. வரிசையாக நட்ட தைலமரத்தை ஊரார் வெட்டலாம்; நடுவே தானாக முளைத்த வேம்பையும் உசிலையையும் அதே ஊரார் காக்க வேண்டும். கோடாலி பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை, சண்டைக்கு அஞ்சாதவரும் அவர்தான். இரண்டு வேலையையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள், புண்ணியவான்கள்!

காலையில் வெட்டும்போது ஓர் உசிலங்கிளை ஒடிந்துபோகும். மாலையில் சட்டையோடு வந்து, "எவன்யா இத ஒடிச்சது?" என்று அதட்டுவார். பிறகு குழு நோட்டில் தன்னைத்தானே கண்டித்து எழுதி, கையெழுத்தும் போடுவார். "மொத தடவைங்கிறதால மன்னிச்சு வுட்டாச்சு சார்" என்று வனவர் கலைவாணனிடம் காட்டுவார். சிரிப்பை அடக்க அந்த மனிதர் படாத பாடு படுவார்.

அங்கமுத்துவின் புதுவீட்டுக்கு மூன்று வருஷமாக வாசற்கதவு இல்லை. மனைவி ஆண்டாயியின் பழைய புடவைதான் தொங்குகிறது. கடையில் விற்கும் கதவு அவருக்கு ஆகாது. காட்டின் மேற்கோரம் நெடுநெடுவென்று நிற்கும் ஒரு வேம்பின் மேல்தான் கண். அவர் கண் வைத்த பிறகுதான் இந்தப் பாழாய்ப்போன ஒப்பந்தம் வந்தது.

போன வாரம், காக்க வேண்டிய மரங்களுக்குச் சிவப்பு வளையம் பூசும் நாள். வளையமில்லாதது எல்லாம் வெட்டில் போய்விடும். எந்த மரத்துக்குப் பூசுவது என்பது தலைவர் பொறுப்பு. ஒன்றை விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

சோறு கொண்டுவந்த ஆண்டாயி வேம்படியில் பிடித்துக்கொண்டாள். "ஊரு மரத்துக்கெல்லாம் காவலு. நம்ம வூட்ல நாயி வந்து சோத்துப்பானைய எட்டிப் பாக்குது. இத ஒண்ண வுட்டுட்டுப் போனா என்னங்க?"

அங்கமுத்து சட்டையில்லாமல் நின்றார். மரத்தைக் கட்டிப்பிடித்து அளந்தார். கைகள் எட்டவில்லை. "ரெட்டைக் கதவே வரும்டி" என்றார்.

வெகுநேரம் கழித்துச் சட்டையை எடுத்து, கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டார். பெயிண்டில் பிரஷ்ஷைத் தோய்த்து ஒரு வளையம் பூசினார். முடித்தவர், அதற்குக் கீழே இன்னொன்றைத் தொடங்கினார்.

"ஒண்ணு போதாதா?" என்றாள் ஆண்டாயி.

"அது ஊருக்கு. இது சட்டையில்லாம வர்றானே, அவனுக்கு."

சொல்லிவிட்டு, பிரஷ்ஷை மறுபடி நன்றாகத் தோய்த்துக்கொண்டார்.