ரங்கூன் போனவன் பெயர்

வேலப்பன் மாட்டுவண்டி ஓட்டிப் பிழைத்தவன். துறைமுகத்தில் மூட்டைகளை ஏற்றி, தண்டையார்பேட்டை கிடங்குகளில் கொண்டுபோய் இறக்குவது அவன் வேலை. வண்டி அவனுடையதல்ல. ஆறுமுகநயினார் மண்டிக்குச் சொந்தமாகப் பன்னிரண்டு வண்டிகள் இருந்தன. காலையில் எந்த வண்டி கைக்குக் கிடைக்கிறதோ அதைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் தான் குடிக்க மாட்டான் என்று வண்டிப்பேட்டையில் அவனுக்கு நல்ல பெயர். அந்த நல்ல பெயர் கெட்டுப்போன கதைதான் இது. ஆனால் முதலில் கெட்டது அவன் பெயரல்ல, இன்னொருவன் பெயர்.

அந்த இன்னொருவன் லட்சுமணன். வேலப்பனோடு ஒரே பேட்டையில் வண்டி ஓட்டியவன், சிறு வயதிலிருந்தே சிநேகிதன். ஓர் ஆடி மாதத்தில் பெண்டாட்டி பூவம்மாவை இங்கே விட்டுவிட்டு, அரிசி ஆலை வேலைக்கென்று கப்பலேறி ரங்கூன் போனான். வழியனுப்பத் துறைமுகம் வரைக்கும் போய், கப்பல் கண்ணுக்கு மறையும் வரை நின்று அழுதவன் வேலப்பன்.

ஒன்பதாம் நாள் வேலப்பன் ராயபுரத்தில் கள்ளுக்கடைப் பக்கம் வண்டியை நிறுத்தினான். ஒரு குவளை குடித்துவிட்டு வரலாம் என்று உள்ளே போனவன் இரண்டு குவளையாக்கிவிட்டான். அதற்குள் மாடுகள் வண்டியை இழுத்துக்கொண்டு டிராம் தண்டவாளத்தின் மேல் போய் நின்றுவிட்டன. டிராம் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. போலீஸ்காரர் வந்து அவனைக் கடையிலிருந்து வெளியே இழுத்தார்.

"பேர் இன்னாடா?"

போலீஸ்காரருக்கு வண்டியின் எண் தகரத்தில் இருந்தது. ஓட்டுகிறவனின் பெயரை மட்டும் அவன் வாயாலேயேதான் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வேலப்பன் ஒரு நொடி விழித்தான். "லட்சுமணன்" என்றான்.

"அப்பன் பேரு?"

"சின்னக்கண்ணு."

ஒரு மாதம் கழித்து மண்டிக்குச் சம்மன் வந்தது. கணக்குப்பிள்ளை உள்ளதைச் சொன்னார்: "லட்சுமணனா? அவன் ரங்கூன் போய் மாசம் ஒண்ணாச்சே!" சம்மன் கொண்டுவந்தவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். வேலப்பன் இதைப் பேட்டையில் சொல்ல, எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "மாமே, கடல் தாண்டிப் போனவனை எவன் புடிக்கிறது!" என்றான் கமாலுதீன், சக வண்டிக்காரன். அன்றிலிருந்து லட்சுமணன் என்ற பெயர் பேட்டையில் தொங்கும் பொதுக் கயிறு மாதிரி ஆகிவிட்டது. தேவைப்பட்டவன் எடுத்துப் பயன்படுத்தினான். அப்பன் பெயர் தெரியாதவன் வேலப்பனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். லட்சுமணனுக்கு இதனால் என்ன கெடுதல் வரும் என்று ஒருவனும் யோசிக்கவில்லை. போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்ததில்லை.

மூன்று வருஷம் கழித்து லட்சுமணன் திரும்பி வந்தான். கால்சட்டையும் தகரப் பெட்டியுமாக வந்தான். அங்கே ஆலை லாரியை ஓட்டக் கற்றிருந்தான். வண்ணாரப்பேட்டையில் அரிசி வியாபாரம் செய்யும் தேவப்பிரியம் அப்போதுதான் புதிதாக ஒரு லாரி வாங்கியிருந்தார். "திங்கட்கிழமைக்குள்ள லைசென்சோட வா. இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்று அவனிடம் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை மாலை லட்சுமணன் பேட்டைக்கு வேகமாக வந்தான். வேலப்பன் மாட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"டேய் வேலப்பா, உன் தோஸ்து மேல ஏழு கேசு கீதாம்டா! லைசென்சு குடுக்கிற எடத்துல சொல்றாங்க. நான் ரங்கூன்ல இருந்துகினே ராயபுரத்துல வண்டி ஓட்டிகினு இருந்தேனாம். இன்னா தெறமை பாத்தியா எனுக்கு!"

வேலப்பன் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"கோர்ட்டுல போயி அத்த முடிச்சி சீட்டு வாங்கியாந்தா லைசென்சு. இல்லாட்டி என்னையே புடிச்சி உள்ள வெச்சிடுவாங்களாம். நாளைக்கு நீ கூட வா. தனியா போவ பேஜாரா கீது."

"வரேன்" என்றான் வேலப்பன்.

போலீஸ் கோர்ட்டில் பழைய வழக்குப் புத்தகங்களைக் காக்கும் குமாஸ்தாவின் பெயர் ரகுபதி. மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். தேதி என்ன என்று கேட்டார். தெரியாது என்றான் லட்சுமணன்.

"இங்கே பேர் வரிசை கிடையாதப்பா, நாள் வரிசைதான். தேதி தெரியாட்டா ஒவ்வொரு பக்கமாப் புரட்டணும். இந்த வருஷத்திலேருந்து பின்னாலே போறேன். அந்தச் சுவரோரம் நில்லுங்க."

வேலப்பனுக்குத் தேதி தெரியும். ஆடி மாதம், கப்பல் போன ஒன்பதாம் நாள். ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனிதர் நேராக அந்தப் பக்கத்துக்கே போயிருப்பார். வேலப்பன் வாயைத் திறக்கவில்லை. குமாஸ்தா விரலை எச்சிலில் தொட்டுத் தொட்டுப் பெரிய புத்தகங்களைப் புரட்டினார். தூசி பறந்து அவருக்கு இருமல் வந்தது. அந்த இருமல் ஒவ்வொன்றும் தனக்காகத்தான் என்று வேலப்பனுக்குத் தோன்றியது.

ஒவ்வொரு வழக்காக அகப்பட்டது. குமாஸ்தா தமிழில் வாசித்துச் சொன்னார். "டோல்கேட் பக்கம் வலது கைப்பக்கமா வண்டி ஓட்டினது. லட்சுமணன், தகப்பன் பேர் சின்னக்கண்ணு. அடையாளம், கன்னத்திலே தாடி."

"தாடியா!" லட்சுமணன் சிரித்துவிட்டான். "எனுக்கு ஏது சாமி தாடி? மீசையே சரியா மொளைக்கல!"

குமாஸ்தாவும் சிரித்தார். அந்தத் தாடி கமாலுதீனுடையது என்று தெரிந்த வேலப்பன் மட்டும் தலையைக் குனிந்து நின்றான்.

நண்பகலுக்கு மேல் ஏழாவது அகப்பட்டது. நாள் வரிசையில் அதுதான் முதல். "ராயபுரம். டிராம் தண்டவாளத்து மேலே ஆளில்லாம வண்டியை விட்டது. ஓட்டுகிறவன் கள்ளுக்கடையிலே இருந்தான். லட்சுமணன், தகப்பன் பேர் சின்னக்கண்ணு."

லட்சுமணன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "என் அப்பன் நான் கைக்குழந்தையா இருந்தப்பவே பூட்டாரு. அவரு பேரு பேட்டையில எத்தினி பேருக்குடா தெரியும்? எவன் சொல்லியிருப்பான் வேலப்பா?"

"எனுக்கு இன்னா தெரியும்?" என்றான் வேலப்பன். போலீஸ்காரரிடம் சொன்ன பொய் பயத்தில் வந்தது. இந்தப் பொய் நிதானமாக வந்தது. இது வெளியே வந்ததுமே அவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

குமாஸ்தா வழிகளைச் சொன்னார். அபராதத்தைக் கட்டிவிட்டால் இன்றைக்கே முடியும். ஆனால் ஏழு குற்றமும் செய்தவன் என்று எழுதிவிடுவார்கள், அப்படிப்பட்டவனுக்கு லைசென்சு கொடுக்க யோசிப்பார்கள். இல்லையென்று வாதாடினால் சாட்சி, விசாரணை என்று மாதக்கணக்கில் போகும். "செஞ்சவனே வந்து மாஜிஸ்திரேட் முன்னாலே ஒப்புக்கொண்டா ஒரே நாளிலே முடியும். ஆனா எவன் வருவான்? பொய்ப் பேர் சொன்னதுக்கும் சேர்த்து ஜெயிலுக்கே அனுப்பினாலும் அனுப்புவா."

வெயிலில் நடந்தே திரும்பினார்கள். லட்சுமணன் வழி முழுவதும் முகம் தெரியாத ஒருவனைத் திட்டிக்கொண்டே வந்தான். "கலீஜ் பய. அவன் கையில கெடச்சான்னா..." என்று ஆரம்பித்து, முடிக்கத் தெரியாமல் விட்டுவிட்டான். வேலப்பன் தன் வீட்டுக்குப் போகத் திரும்பியபோது, "எங்க போற? வூட்டாண்ட வா, பூவம்மா ஆக்கி வெச்சிருப்பா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனான்.

பூவம்மா இருவருக்கும் சோறு போட்டாள். ஏழு வழக்கு என்ற செய்தி அவளுக்குப் புதிதாக இல்லை. அதுதான் வேலப்பனைத் துணுக்குறச் செய்தது.

"எனுக்குத் தெரியும்" என்றாள் அவள். "மண்டியில ஆள் இல்லன்னு சொன்னாங்கன்னு போலீஸ்காரன் இங்கயும் வந்தான். ஒருவாட்டி இல்ல, நாலுவாட்டி. வாசல்ல நின்னு கத்துவான். தெருவே பாக்கும். ‘உன் புருசன் ராயபுரத்துல குடிச்சிட்டுக் கெடக்கிறான், நீ ரங்கூன்ல கீறான்னு சொல்லிகினு கீற’ன்னு கத்துவான்."

"எனுக்கு ஏன் எழுதிப் போடல?" என்றான் லட்சுமணன்.

பூவம்மா கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்துவிட்டு, சட்டியையே பார்த்துக்கொண்டு பேசினாள். "நான் அத்த நம்பிட்டேன். நீ கப்பலே ஏறல, இங்கயே எவளையோ வெச்சிகினு சுத்தறேன்னு நெனச்சிட்டேன். காயிதம் ரங்கூன்ல இருந்துதான் வந்துது. அங்க கீற யாரையாவது வெச்சி நீ போடச் சொல்லியிருப்பேன்னு நெனச்சேன். ரெண்டு நாளு ராயபுரம் போயி அந்தக் கள்ளுக்கடை எதிர்ல நின்னுகினு இருந்தேன், நீ வருவேன்னு. வெக்கத்த உட்டு நின்னேன்."

லட்சுமணன் பிசைந்த சோற்றிலேயே கையை வைத்துக்கொண்டிருந்தான்.

வேலப்பனுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. கடைக்கு எதிரில் பூவம்மா முக்காடு போட்டு நிற்பதைப் பார்த்து அவன் வண்டியை நிறுத்தினான். இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டான். மீன் வாங்க வந்தேன் என்றாள். அவள் கையில் மீனும் இல்லை, கூடையும் இல்லை. அதை அவன் கவனித்தான், கவனித்துவிட்டு மறந்தும் போனான். வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று சந்தோஷமாகப் போனான்.

"நான்தான்" என்றான் வேலப்பன்.

"எது நீதான்?"

"மொதல் கேசு. அப்பால இன்னும் ரெண்டு. மத்தவனுங்களுக்கும் நான்தான் பேரு குடுத்தேன். உங்கப்பன் பேரையும் நான்தான் சொன்னேன். நீ திரும்பி வருவேன்னு நெனைக்கல."

கடைசியாகச் சொன்னது மற்ற எல்லாவற்றையும்விட மோசம் என்பது, சொன்ன பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

லட்சுமணன் அடிப்பான் என்று அவன் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் கொஞ்சம் சுமை இறங்கியிருக்கும். லட்சுமணன் எழுந்து வெளியே போய்க் கை கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான். பூவம்மா மட்டும் வேலப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கு என்ன வண்டியில ஏத்திகினு வந்தியே அண்ணே. வழியெல்லாம் அழுதுகினு வந்தேன். பின்னால உக்காந்திருந்தேன், உனக்குத் தெரியல."

அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் வேலப்பன் கமாலுதீனின் வீட்டுக்குப் போனான். கமாலுதீன் முதலில் அவனையே திட்டினான். "நீ குட்த பேரு, நீ சொன்ன வழி. இப்ப ஞாயம் பேச வந்துட்டியா?" பிறகு தாடியைத் தடவிக்கொண்டான். "இத்த எங்க கொண்டுபோயி ஒளிக்கிறது, நட" என்று எழுந்தான். ஏழில் அவன் செய்தவை இரண்டு. மீதி இரண்டு வழக்கைச் செய்தவர்கள் பேட்டையை விட்டு எங்கோ போய்விட்டார்கள். அவற்றையும் தானே ஏற்றுக்கொள்வதென்று வேலப்பன் முடிவு செய்திருந்தான். அதுவும் ஒரு பொய்தான். குமாஸ்தாவிடம் அதைச் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"செய்யாததை ஒப்புக்கொள்ளாதே. உனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லு. அந்த ரெண்டு நாளும் அவன் ஊரிலே இல்லைன்னு உனக்குத் தெரியுமோன்னோ? அதைச் சொல்லு, போதும்."

லட்சுமணனும் வந்திருந்தான். கூடத்தின் அந்தக் கோடியில் நின்றான். வேலப்பன் இருந்த பக்கம் திரும்பவில்லை.

மாஜிஸ்திரேட் கேட்டது ஒரே கேள்வி. "உன் பெயரைச் சொல்ல என்ன கஷ்டம்?"

வேலப்பன் வழி முழுவதும் பதில்களைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தான். பயம் என்று சொல்லலாம், குடிமயக்கம் என்று சொல்லலாம். அங்கே நின்றபோது எதுவும் பொருந்தவில்லை.

"அவன் இல்ல எசமான், அதனால அவன் பேரைச் சொன்னேன். இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. அவரவர் வழக்குக்கு இருவருக்கும் அபராதம் போட்டார், மீதி இரண்டையும் தள்ளுபடி செய்தார். பொய்ப் பெயரைத் தொடங்கிவைத்தவன் என்று வேலப்பனுக்கு மட்டும் இன்னொரு தண்டனையும் சேர்த்தார்: அன்றைக்குக் கோர்ட்டு கலையும் வரை அவன் அங்கேயே நிற்க வேண்டும். ஜெயில் என்று நினைத்து வந்தவனுக்கு இது சின்னதுதான். ஆனால் நின்று பார்த்தபோதுதான் அது எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் அவனைப் பார்த்தார்கள். இவன் என்ன செய்தான் என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அவன் கேட்டுக்கொண்டு நின்றான்.

பன்னிரண்டு மணிக்குக் குமாஸ்தா லட்சுமணனைக் கூப்பிட்டுச் சீட்டைக் கொடுத்தார். லட்சுமணன் அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. வாசலுக்கு வேலப்பன் நின்ற இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பக்கத்தில் வந்ததும் லட்சுமணன் நின்றான்.

"உன்மேல கோவம் போயிடும்டா, எனுக்குத் தெரியும். ஆனா பூவம்மா என்னைச் சந்தேகப்பட்டுகினு மூணு வருசம் இருந்துகீறா. அத்த நான் எந்தக் கோர்ட்டுல போயி முடிக்கிறது?"

லட்சுமணன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, படியிறங்கிப் போய்விட்டான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மாஜிஸ்திரேட் எழுந்து போனார். கூடம் காலியானது. குமாஸ்தா ரகுபதி புத்தகத்தை மூடிக்கொண்டே, "அவர் வர ஒரு மணி நேரமாகும். அந்த பெஞ்சிலே உட்காரப்பா, யாரும் கேட்க மாட்டா" என்றார்.

"பரவால்ல சாமி" என்றான் வேலப்பன். அப்படியே நின்றான்.