மெத்தைக்குக் கட்டிய செம்புக் கம்பி

கையை வைத்தாலே "சடசட"வென்று உறை முனகும். முழங்கை மயிர்கள் குத்திட்டு நிற்கும். விருதுநகரிலிருந்து பேருந்துக் கூரையில் ஏறி, நாரணாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திறங்கிய புத்தம்புது ஸ்பாஞ்சு மெத்தை அது.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்த அப்பா, இரண்டாயிரங்களின் நடுவில் நேர்ந்த வெடிவிபத்தில் இடுப்பொடிந்து பாயில் விழுந்தவர். கிடந்து கிடந்து முதுகில் புண் வைத்தது. "தரையிலேயே கெடந்தீகன்னா புண்ணு எலும்புக்கு எறங்கிரும்ணே" என்று பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா எச்சரித்த பிறகே அம்மா மெத்தை வாங்கினார்.

மருந்து அறைக்குள் நைலான் நுழையக் கூடாது; உரசினால் பொறி பறக்கும். பருத்தி உடுத்தி, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பின் மின்சாரத்தை மண்ணில் இறக்கிவிட்டே உள்ளே போக வேண்டும். அந்த ஒழுங்கிலேயே நரைத்தவருக்கு, சடசடக்கும் நைலான் உறை போட்ட மெத்தை, பற்றுவதற்குக் காத்திருக்கும் வெடிமருந்து "லோடு" போலவே தெரிந்தது.

ஆகவே அதைத் திருத்தத் தொடங்கினோம். உறையை உரித்துவிட்டுப் பழைய வேட்டிகளால் அம்மா புது உறை தைத்தார். மெத்தையைப் போட்ட கட்டிலைச் சுற்றித் தண்ணீர் தெளித்தார். அப்பா சொன்னபடி, இரும்புக் கட்டிலின் காலில் செம்புக் கம்பியைச் சுற்றி, வாசல் அடிகுழாயோடு பிணைத்தேன்.

"கட்டிலுக்கு எர்த்து குடுத்தாச்சு, மீட்டரு எப்பண்ணே மாட்டப்போறீக?" என்றார் நர்ஸ் அக்கா. அப்பாவே சிரித்துவிட்டார். சிரித்தபடியே படுத்தவர், புரளும்போது அடியில் ஏதோ சரசரக்க, முகம் வெளுத்துக் கைகளை ஊன்றித் தரைக்குச் சரிந்தார்.

பேச்சுப் போட்டிக் கோப்பைகளை அலமாரியில் அடுக்கி வைத்திருந்த நான் வாதத்தையும் அடுக்கினேன்: வீட்டில் வெடிமருந்து இல்லை, உறையில் நைலான் இல்லை, ஆகவே தீக்கு வழியே இல்லை.

"நல்லாத்தான் பேசுறலே. ஒடம்பு கேக்க மாட்டேங்குதே" என்றார் அப்பா.

புண் எலும்புக்கு இறங்கியது. அப்பா போனார். இறந்தவரின் படுக்கை வீட்டில் தங்கக் கூடாதென்று உறவினர்கள் மெத்தையைத் தூக்கியபோது அம்மா மறித்தார்: "அவுக ஒரு பொழுதுகூட இதுல முழுசாப் படுக்கலையே. இது எப்படி அவுக படுக்கையாகும்?"

மெத்தை இன்றும் எங்களிடம் இருக்கிறது. படுத்துப் பழகியவரின் பள்ளம் எந்த மெத்தையிலும் விழும். இதில் அப்பாவின் பள்ளம் இல்லை. அவர் கிடந்த சிமெண்டுத் தரைமேல் டைல்ஸ் பதித்தாயிற்று. அவர் உடம்பை அறிந்த பாயோ, அவரோடு எரிந்துபோயிற்று.